அண்டியாபீஸும் ஆப்பிரிக்காவும்

வெள்ளி, செங்கோட்டையிலிருந்து புனலூர்

எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது ஆப்பிரிக்கா. அப்பா நைஜீரியாவில் கணக்கு வாத்தியாராக இருந்து அனுப்பிய பணத்தில்தான் நாங்கள் படித்தோம். அப்பாவின் அக்காவைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த அத்தை, குண்டறைப் பக்கம் ஓர் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டையை உடைத்துத்தான் பிள்ளைகளை ஆளாக்கினாள். செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் நடுவில் இப்படி எத்தனையோ வீடுகள். ஆனாலும் நான் பாடம் எடுக்கும் பள்ளியில் ஆப்பிரிக்கா என்றால் சஹாரா, நைல், அடிமை வணிகம், பெர்லின் மாநாடு. அதோடு அடுத்த பாடத்துக்குப் போய்விட வேண்டும். என் மகளாவது இதை வீட்டு விஷயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அம்மாவையும் அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆடிச் சாரல். செங்கோட்டை தாண்டியதும் மலை மூடிக்கிடந்தது. இந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1904 இல். அகலப்பாதையாக மாற்றுவதற்காக வருடக்கணக்கில் நிறுத்தி வைத்து, 2018 இல்தான் முழுவதும் திறந்தார்கள். ஆரியங்காவுக் குகை, கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம், தென்மலை. இதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையும் திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தான். எல்லை பிறகு வந்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதற்கு முந்தியே நடந்துகொண்டிருந்தது. அத்தை புனலூரில் வாக்கப்பட்டதும் அந்த வழக்கத்தில்தான்.

புனலூரில் இறங்கும்போது நல்ல மழை. அத்தை வீட்டில் கப்பையும் மீன் குழம்பும் காத்திருந்தன. இன்றைக்கு இவ்வளவுதான்.

சனி, புனலூர்

காலையில் இருந்து அத்தையோடுதான் இருந்தேன்.

பதினான்கு வயதில் கல்யாணத்துக்கு முன்பே அண்டி உடைக்கப் பழகியவள். கல்யாணம் ஆன பிறகு முதல் ரயிலைப் பிடித்துக் குண்டறைக்குப் போவாள். அந்தப் பெட்டி முழுக்கத் தூக்குச்சட்டியோடு அண்டியாபீஸ் பெண்களாக இருப்பார்களாம். வறுத்த கொட்டையைக் குவியலாகக் கொட்டிவிடுவார்கள். தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்து, கொட்டையை நிமிர்த்திப் பிடித்து, கட்டையால் பக்குவமாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் பருப்பு நொறுங்கும், கூலி குறையும். மெதுவாகத் தட்டினால் இரண்டாவது தட்டுக்கு நேரம் போகும், அதிலும் கூலி குறையும். உடைப்பவர்கள் ஒரு கொட்டகை, தோல் உரிப்பவர்கள் ஒரு கொட்டகை, தரம் பிரிப்பவர்கள் இன்னொன்று. நம் கடைகளில் டபிள்யூ 320 என்று எழுதியிருக்கிறதே, ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய அத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்று அர்த்தம். 180 என்றால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. அதைக் கண்ணாலேயே பிரித்துப்போடுவார்கள்.

அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் தடித்து, கறுத்து, நகத்தின் ஓரம் எல்லாம் வெடித்து ஆறிய வடு. முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் அந்தக் கறுப்பு போகவில்லை. சோறு பிசைந்து சாப்பிடும்போது எரியும் என்பதற்காக அந்தக் காலத்தில் கரண்டியால் சாப்பிடுவாளாம். மகள் அந்த விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கப்பல் வந்தாத்தான் அடுப்பெரியும்" என்றாள் அத்தை. கேரளத்தில் விளையும் கொட்டை ஆலைகளுக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது. 1920களிலிருந்தே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையை வரவழைத்துத்தான் கொல்லம் முந்திரி ஊரானது. அத்தை பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. ஆனால் மொம்பாசா, தாரசலாம், நக்காலா என்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறாள். எந்தக் கொட்டை எங்கிருந்து வந்தது என்று தட்டும்போதே தெரியுமாம். "பிசாவு அண்டின்னா எங்களுக்குச் சந்தோசம். பருப்பு முழுசா வந்து விழும்" என்றாள்.

பிசாவு என்று அவள் சொல்வது கினி-பிசாவு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. அதன் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த முந்திரி ஒன்றிலிருந்துதான் வருகிறது. அறுவடைக் காலத்தில் அங்கே பல குடும்பங்கள் கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்குகின்றன. இதைச் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கிலோ அண்டிக்கு எத்தனை கிலோ அரிசி?"

நல்ல வருஷத்தில் கிலோவுக்குக் கிலோ, மோசமான வருஷத்தில் அதைவிடக் குறைவு என்றேன். அவள் வாய்க்குள் கணக்குப் போட்டாள். நாலு கிலோ கொட்டையில் ஒரு கிலோ பருப்பு வரும். பருப்பு என்ன விலைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். "அநியாயமா இருக்கே மக்ளே" என்றாள். அவளுடைய கூலியையும் யாராவது இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த நாட்டின் விடுதலைக்குப் போராடிய அமில்கார் கப்ரால் கதையைச் சொன்னேன். வேளாண்மை படித்தவர். நாடு போர்ச்சுக்கல் கையில் இருந்த 1953 இல் போர்ச்சுக்கீசிய அரசுக்காகவே ஊர் ஊராக நடந்து விவசாயக் கணக்கெடுப்பு நடத்தினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன விளைகிறது, சனம் எப்படிப் பிழைக்கிறது என்பதை அந்த நடையில் தெரிந்துகொண்டவர், பிறகு அதே சனத்தைத் திரட்டிப் போர்ச்சுக்கலை எதிர்த்துப் போராடினார். 1973 ஜனவரி 20 அன்று பக்கத்து நாடான கினியின் தலைநகர் கொனாக்ரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வருடம் செப்டம்பரிலேயே அவருடைய ஆட்கள் நாட்டுக்கு விடுதலை அறிவித்துவிட்டார்கள். அத்தை அந்த வருடம் மூத்தவனைப் பெற்றெடுத்தவள். "அந்த மனுசன் பாக்காம போயிட்டானே" என்றாள். ஒரு நாட்டின் வரலாற்றை இப்படிக் கேட்டுக்கொள்ளும் மாணவர் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைப்பார்.

ஞாயிறு, புனலூர்

அத்தையின் இளைய மகன், எனக்கு அத்தான் முறை, ஐவரி கோஸ்டில் இருந்து போன வாரம்தான் வந்திருக்கிறார். அங்கே பிப்ரவரியில் கொட்டை விழத் தொடங்கும். ஜூன் வரைக்கும் புவாக்கே நகரத்தில் தங்கி, ஒரு வியாபாரிக்காகக் கொட்டையின் தரம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அம்மா உடைத்த கொட்டையை இன்று மகன் விளைகிற இடத்துக்கே போய்ப் பார்க்கிறார்.

தரம் பார்ப்பது எப்படி என்று மகள் கேட்டதும், பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலமும் வெட்டும் கத்தியும் எடுத்து வந்துவிட்டார். முதலில் ஒரு கையளவு எடுத்துக் காதோரம் குலுக்கினார். காய்ந்த கொட்டை சலசலக்கும், ஈரமான கொட்டை சத்தம் போடாது. பிறகு ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டிச் செய்தித்தாளில் அடுக்கினார். வெள்ளையாக நிறைந்திருப்பது ஒரு வரிசை, சூம்பிப்போனது ஒரு வரிசை, புள்ளி விழுந்தது, கறுத்துப்போனது, ஒன்றுமே இல்லாதது என்று தனித்தனியாக. நல்ல பருப்பை எடை போட்டு, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்குப் பண்ணுவார்கள். 48 பவுண்டு வந்தால் வாங்குகிறவருக்கு மனம் நிறையும். 44 என்றால் பேரம் தொடங்கும். கிலோவாகவும் இல்லாமல் பவுண்டாகவும் இல்லாமல் இது என்ன கணக்கு என்று மகள் கேட்டாள். வியாபாரத்தில் ஆதியில் இருந்தே அப்படித்தானாம். கொட்டை வரும் சணல் சாக்கு பெரும்பாலும் வங்கதேசத்தில் இருந்து அங்கே போனது. அதே சாக்கு கொட்டையைச் சுமந்துகொண்டு தூத்துக்குடியில் வந்து இறங்குகிறது.

இன்று உலகத்திலேயே அதிகமாகக் கொட்டை விளைவது ஐவரி கோஸ்டில்தான். 1960களில் வடக்கே மண் அரிப்பைத் தடுக்க, பாலைவனம் இறங்காமல் இருக்க என்று நட்ட மரங்கள் அவை. கொட்டைக்காக நடவில்லை. அந்த வடக்கும் தெற்கும் 2002 செப்டம்பரில் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டன. கிளர்ச்சியாளர்களின் தலைநகரம் புவாக்கே. அத்தான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் தங்கை அப்போது தெற்கே அபிஜானில் இருந்தாராம். நடுவில் போர்க்கோடு. தங்கைக்குப் பிறந்த குழந்தையை அது நடக்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்திருக்கிறார். 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் அடிதடி. தோற்றவர் இறங்க மறுத்தார். சுமார் மூவாயிரம் பேர் செத்தார்கள். "நியூஸ்ல இதெல்லாம் ரெண்டு வரி. அந்தம்மா சொன்னா ராத்திரி முழுக்கச் சொல்லும்" என்றார் அத்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வீட்டுக்குள் சண்டை வந்தது. நல்ல சண்டை, எழுதியே ஆக வேண்டும். ஐவரி கோஸ்ட் அரசு அங்கேயே ஆலை வைத்துக் கொட்டையை உடைப்பவர்களுக்குச் சலுகை கொடுக்கிறது. பெனின் ஒரு படி மேலே போய், 2024 ஏப்ரல் முதல் பச்சைக் கொட்டையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை என்று முடிவெடுத்தது. அத்தான் இதை வியாபாரத்துக்கு வந்த இடைஞ்சலாகச் சொன்னார். இங்கே ஏற்கெனவே வியட்நாம் இயந்திரங்களோடு போட்டி போட முடியாமல் ஆலைகள் மூடிக் கிடக்கின்றன, கொட்டையும் வராவிட்டால் மிச்சம் இருக்கும் பெண்கள் எங்கே போவார்கள் என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் நான் மொசாம்பிக்கை நினைத்தேன். 1970களின் தொடக்கத்தில் உலகில் முதலிடம் அந்த நாட்டுக்குத்தான். ஆலைகளும் இருந்தன. 1975 இல் விடுதலை, பின்னாலேயே 1992 வரை இழுத்த உள்நாட்டுப் போர். போர் முடிந்து எழுந்து நிற்கும் நேரத்தில், 1990களின் நடுவில், பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்கு இருந்த வரியைக் குறைத்தால்தான் கடன் என்று உலக வங்கி நிபந்தனை போட்டது. வரி குறைந்தது, கொட்டை கப்பலேறியது, அங்கே ஆலைகள் வரிசையாக மூடின. வேலை போன ஆயிரக்கணக்கானவர்களில் பெண்கள் ஏராளம். அந்தக் கொட்டை வந்த இடம் இந்தியா. குண்டறை, கிளிகொல்லூர், கொட்டாரக்கரை, அந்தப் பக்கம் மார்த்தாண்டம், கருங்கல்.

இதைச் சொன்னபோது அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை இருந்ததும், அந்தக் காசில்தான் இந்த வீட்டுக்கு ஓடு மாற்றியதும் அவளுக்கு நினைவிருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "அவங்க மரம், அவங்க கொட்டை. அவங்க பொண்ணுங்க உடைக்கட்டும்ல. எங்க கையி வெந்த மாதிரி வேகாம மிசின் வச்சு உடைக்கட்டும்" என்றாள். அத்தான் விடவில்லை. அப்போ நம்ம ஊர்ப் பொண்ணுங்க? "அதுக்கு நம்ம சர்க்காரைக் கேளு. அவங்க வயித்துல ஏன் கை வைக்கிற?"

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எல்லையோரத்துப் பெண்களின் வேலைக்கு உத்தரவாதம் கேட்க வேண்டிய இடம் திருவனந்தபுரமும் சென்னையும் டெல்லியும்.

அம்மா இடையில் அத்தானிடம் ஒன்று கேட்டாள். புவாக்கேயில் இருந்து, அப்பா வேலை பார்த்த பக்கமான கானோ எவ்வளவு தூரம்? அது வேற நாடு மாமி, ரொம்பத் தூரம் என்றார் அவர். "வேற நாடுன்னு தெரியும். நடுவுல கானா, டோகோ, பெனின் இருக்கு. அதுக்கப்புறம் நைஜீரியா. கானோ வடக்கே, இன்னும் மேல போணும்" என்றாள் அம்மா. என் பத்தாம் வகுப்பில் இதை யாரும் இவ்வளவு சரளமாகச் சொன்னதில்லை.

திங்கள், கொல்லம்

மகளுக்காகத் தங்கசேரி. கலங்கரை விளக்கம், கடல் காற்று, பொரித்த மீன். போர்ச்சுக்கீசியர்களின் கோட்டைச் சுவர் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிரேசிலில் இருந்து முந்திரியை எடுத்து வந்து 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் நட்டவர்கள் அவர்கள்தான். மொசாம்பிக் கரையில் நட்டவர்களும் அவர்கள்தான். ஒரே கப்பல்காரர்கள் இரண்டு கரையிலும் போட்ட விதை.

அங்கே உட்கார்ந்து மகளுக்கு லோரென்சு மார்க்கஸ் கதையைச் சொன்னேன். இன்றைய மாப்புட்டோ. 1950களில் அந்த நகரத்தின் ஷமான்குலு பகுதியில் தரானி என்ற இந்திய வம்சாவளி வணிகர் ஒரு பெரிய முந்திரி ஆலை நடத்தினார். கணவனை இழந்தவர்கள், விட்டுவிட்டு வந்தவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் எனக் கிராமங்களில் இருந்து கிளம்பி வந்த பெண்கள் அங்கே கொட்டை உடைத்தார்கள். ஓட்டு எண்ணெய் அவர்கள் கையையும் பொசுக்கியது. அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நம் அத்தை மாதிரியே ஆயிரம் அத்தைகள் என்றேன். "அவங்க ரெண்டு பேரையும் பேச விட்டா எவ்ளோ நல்லா இருக்கும்மா" என்றாள் மகள்.

திரும்பும் வழியில் குண்டறையில் இறங்கி அத்தை வேலை பார்த்த இடத்தைப் பார்த்தோம். பூட்டிய கேட். புகைக்கூண்டு மட்டும் நிற்கிறது. காவல்காரர் உள்ளே விடவில்லை.

செவ்வாய், செங்கோட்டை ரயில்

அத்தை பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொடுத்து அனுப்பினாள். ரயில் இடமண் தாண்டியதும் அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள்.

எண்ணெய்ப் பணம் கொழித்த காலத்தில், 1976 இல், நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்தது. வாத்தியார்கள் போதவில்லை. இந்தியாவில் இருந்து நிறையப் பேர் போனார்கள், அப்பாவும் போனார். கானோவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. மாதம் ஒரு நீலக் கடிதம் வரும். ஹர்மட்டான் காற்று அடிக்கும்போது ஊரெல்லாம் சிவப்புப் புழுதி, தலையணையில்கூட மண் என்று எழுதுவார். பிள்ளைகள் அதிகாலையிலேயே எழுந்து குர்ஆன் ஓதிவிட்டுப் பள்ளிக்கு வருகிற ஒழுங்கைப் பற்றி எழுதுவார். ஊரில் அப்பாவைப் பார்த்து "அங்க சிங்கம் இருக்கா சார்?" என்று கேட்பவர்களிடம் அவருக்குக் கோபம் வரும். தன் மாணவர்களின் பெயர்களைச் சொல்லிப் பதில் சொல்வார்.

1983 டிசம்பர் 31. ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. செய்தி ரேடியோவில் வந்தபோது அம்மா பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடிதம் வருமா வராதா என்று தெரியாமல் தினமும் தபால்காரரை மறித்து நின்ற அந்த வாரங்களைப் பற்றி அவள் இதற்கு முன் பேசியதே இல்லை. பொங்கல் வைத்தாள், எங்களுக்குப் புதுத்துணியும் எடுத்தாள், ஆனால் எதையும் வாயில் வைக்க முடியவில்லையாம். ஒரு நாள் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறேன், பள்ளி நடக்கிறது, கவலை வேண்டாம். நாலு வரி. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது என்றாள்.

ஏப்ரலில் இன்னொரு இடி. ராணுவ அரசு அந்த நாட்டு நைரா நோட்டுகளின் நிறத்தையே மாற்றிவிட்டது, பழையது செல்லாது. எல்லையையும் மூடி, சில நாட்களுக்குள் வங்கியில் வந்து மாற்றிக்கொள் என்று சொன்னது. அப்பா வரிசையில் நின்று மாற்றினார். பணம் அனுப்புவதும் கடினமாகிப் போனது. அடுத்த வருடமே ஊருக்கு வந்துவிட்டார்.

"அந்த மிலிட்டரிக்காரர் பேரு புகாரி" என்றாள் அம்மா. மகள் போனில் தேடினாள். "ஆச்சி, அவர் 2015லயும் ஜனாதிபதி ஆயிருக்காரே?"

"ஆமா. பதவியில இருந்த ஜனாதிபதியை ஓட்டுப் போட்டு இறக்கினது நைஜீரியாவுல அதுதான் முதல் தடவை. அந்த வருசம் உங்க தாத்தா இல்ல, இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு. ஆனா பாரு, மறுபடியும் நோட்டை மாத்தினாரு." உண்மைதான். 2022 கடைசியில் நோட்டு மாற்ற அறிவிப்பு வந்து, 2023 பிப்ரவரியில் கையில் காசில்லாமல் நைஜீரியச் சனம் வங்கி வாசலில் நின்றது. நம் 2016 வரிசைகளைப் பார்த்த யாருக்கும் அது புரியும். அம்மா இவ்வளவையும் செய்தித்தாளின் உள்பக்கத் துண்டுச் செய்திகளில் இருந்து பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறாள். அப்பா போன பிறகும் நிறுத்தவில்லை.

ஏன் ஆச்சி அதே ஆளுக்கு மறுபடியும் ஓட்டுப் போட்டாங்க என்று மகள் கேட்டாள். ஊழல் மேல் இருந்த கோபம், வடக்கே சிபோக் ஊரில் போகோ ஹராம் தீவிரவாதிகள் பள்ளிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன 2014, அதைத் தடுக்கக் கண்டிப்பான ஆள் வேண்டும் என்ற எண்ணம் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். செங்கோட்டை வந்துவிட்டது. தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மகள், "சரி ஆச்சி, சிபோக் பிள்ளைங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் வரவில்லை என்றாள் அம்மா.